பதினெட்டுக் குழிப் பல்லாங்குழி

பினாங்குத் தீவில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு கோல்ஃப் திடல். ஞாயிறு காலை ஏழரை மணி. சுகுமாரன், வயது 38, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் போன மாதம்தான் பதவி உயர்வு பெற்றவர். முனியாண்டி, வயது 63, அந்தத் திடலின் பழைய கேடி, அதாவது ஆடுகிறவரின் மட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு கூடவே வருகிறவர். காதில் ஒரு பென்சில், சட்டைப் பையில் ஓர் அட்டை. அந்தப் பென்சிலோடுதான் சுகுமாரனுக்கு அன்றைக்கு முழுக்கச் சண்டை.

முனியாண்டி: வாங்க தம்பி. பசியாறியாச்சா?

சுகுமாரன்: ஆச்சு அண்ணே. ரொட்டி சானாய் இரண்டு. பதினெட்டுக் குழிக்குத் தாங்குமா?

முனியாண்டி: நீங்கள் அடிப்பதைப் பொறுத்தது. பையைக் கொடுங்கள். ஒன்று, இரண்டு... பதினைந்து மட்டை இருக்கிறதே! 14தான் கொண்டுபோகலாம். மேலே போனால் ஒரு குழிக்கு இரண்டு அடி அபராதம்.

சுகுமாரன்: மச்சானிடம் இரவல் வாங்கியது அண்ணே. எது எதற்கு என்றே எனக்குத் தெரியாது. எதை எடுத்தாலும் சரி.

முனியாண்டி: இதோ, இதை எடுத்துவிடலாம். இது இடது கைக்காரர் மட்டை.

சுகுமாரன்: மச்சான் இடது கைக்காரர் இல்லையே... அவர் யாரிடம் இரவல் வாங்கினாரோ!

(மட்டை காருக்குள் போகிறது. முதல் குழி. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல். தூரத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கொடி.)

முனியாண்டி: இதற்குப் பார் நாலு.

சுகுமாரன்: எதைப் பார்க்க?

முனியாண்டி: பார்! நன்றாக ஆடுகிறவருக்கு இந்தக் குழியில் நாலு அடி போதும் என்று கணக்கு. பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து 72. பாருக்கு ஒன்று குறைத்து முடித்தால் பேர்டி, அதாவது குருவி. இரண்டு குறைத்தால் ஈகிள், கழுகு. மூன்று குறைத்தால் அல்பட்ராஸ்.

சுகுமாரன்: பறவைப் பூங்காவே இருக்கிறதே. ஒன்று கூடிவிட்டால்?

முனியாண்டி: போகி.

சுகுமாரன்: பொங்கலுக்கு முதல் நாள் பழசைக் கொளுத்துவோமே, அந்தப் போகியா?

முனியாண்டி: பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனால் வயிறு எரிவது இரண்டிலும் உண்டு. சரி, அடியுங்கள்.

(சுகுமாரன் மட்டையை ஓங்குகிறார். காற்றில் 'விஷ்' என்று ஒரு சத்தம். பந்து குச்சியின் மேல் அப்படியே உட்கார்ந்து அவரைப் பார்க்கிறது. முனியாண்டி பென்சிலை எடுக்கிறார்.)

சுகுமாரன்: என்ன எழுதுகிறீர்கள்?

முனியாண்டி: ஒன்று.

சுகுமாரன்: பந்து நகரவே இல்லையே அண்ணே! அது ஒத்திகை.

முனியாண்டி: ஒத்திகை என்றால் ஒத்திகையாகவே ஓங்கியிருக்க வேண்டும். நீங்கள் அடிக்கத்தான் ஓங்கினீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடிக்க நினைத்து ஓங்கினால் அது ஓர் அடி.

சுகுமாரன்: மனதில் நினைத்ததற்கெல்லாம் கணக்கு எழுத நீங்கள் கேடியா, சித்திரகுப்தனா?

(மறுபடி ஓங்குகிறார். இந்த முறை பந்து பறக்கிறது. வெள்ளைக் கம்பங்களைத் தாண்டி, எல்லைக்கு வெளியே, யாரோ ஒருவர் வீட்டு வாழைத் தோட்டத்துக்குள்.)

சுகுமாரன்: எவ்வளவு தூரம் போனது பார்த்தீர்களா!

முனியாண்டி: பார்த்தேன். அடி இரண்டு, அபராதம் ஒன்று. இனி அடிக்கப்போவது நாலாவது. அதுவும் இங்கேயிருந்தேதான்.

சுகுமாரன்: இன்னும் ஓர் அங்குலம்கூட நகராமல் நாலா?

முனியாண்டி: அரசாங்க அலுவலகத்துக்குப் போனதில்லையா நீங்கள்?

(கடைசியில் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து சேர்கிறது. மூன்றடி தூரம். சுகுமாரன் நாலு முறை தட்டுகிறார். பந்து ஒவ்வொரு முறையும் குழியைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் 'வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம்' என்று கிளம்புவார்களே, அதே மாதிரி.)

சுகுமாரன்: குழியைச் சின்னதாக வெட்டிவிட்டார்கள் அண்ணே.

முனியாண்டி: உலகம் முழுக்க ஒரே அளவுதான் தம்பி. 108 மில்லிமீட்டர் அகலம். பந்து 43கூட இல்லை. இரண்டு பந்து பக்கம் பக்கமாகப் போகலாம்.

சுகுமாரன்: 108ஆ? அப்படியானால் தேங்காய் உடைத்துவிட்டு ஆரம்பித்திருக்க வேண்டும். எத்தனை எழுதினீர்கள்?

முனியாண்டி: பன்னிரண்டு.

சுகுமாரன்: ஒன்பது என்று போடக்கூடாதா? யார் பார்க்கப்போகிறார்கள்?

முனியாண்டி: நான் பார்த்தேனே.

(இரண்டு, மூன்று, நாலாம் குழிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சொன்னால் சுகுமாரன் கோபித்துக்கொள்வார். பகி வண்டி மேட்டில் முனகிக்கொண்டு ஏறுகிறது.)

முனியாண்டி: ஆமாம், உங்களுக்கு ஏன் தம்பி இந்த வேலை?

சுகுமாரன்: ஆசையா அண்ணே? பதவி உயர்வு வந்தது. சம்பளம் நானூறு வெள்ளி கூடியது. கூடவே மேலாளர், 'சுகு, அடுத்த ஞாயிறு கோல்ஃப் ஆட வா' என்றார். எனக்கு ஆடத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். என் பாட்டி உட்கார்ந்த இடத்திலேயே பல்லாங்குழி ஆடுவார். 14 குழி, வெயில் கிடையாது, கேடி கிடையாது, புளியங்கொட்டை தொலைந்தாலும் இரண்டு காசுதான். இங்கே காலையிலிருந்து ஆறு பந்து போய்விட்டது.

முனியாண்டி: ஏழு. 1999இல் கோலாலம்பூர் பக்கம் மைன்ஸ் திடலில் உலகக் கோப்பை நடந்தது. பழைய ஈயச் சுரங்கம் இருந்த இடம். டைகர் வூட்ஸ் வந்திருந்தார். கூட ஆடிய மார்க் ஓமேராவும் அவரும் அமெரிக்காவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்கள். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

சுகுமாரன்: அவர் எப்படி அடித்தார்?

முனியாண்டி: ஒத்திகை என்று யாரிடமும் சொல்லவில்லை.

(ஐந்தாம் குழி. சுகுமாரனின் பந்து அன்றைக்கு முதல் முறையாகப் புல்வெளியின் நடுவில் போய் நிற்கிறது. அவர் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, மரத்திலிருந்து ஒரு குரங்கு நிதானமாக இறங்கி வருகிறது. பந்தை எடுத்து முகர்கிறது. கடிக்கிறது. பிறகு அக்குளில் இடுக்கிக்கொண்டு மரத்துக்கே திரும்பிவிடுகிறது.)

சுகுமாரன்: அடேய்! அதை வைத்துவிட்டுப் போடா! அண்ணே, இதற்கு எத்தனை அபராதம்?

முனியாண்டி: ஒன்றும் இல்லை. நின்றுகொண்டிருந்த பந்தைக் குரங்கு எடுத்தால் ஆட்டக்காரர் மேல் குற்றமில்லை. பழைய இடத்திலேயே வேறு பந்தை வைத்து அடிக்கலாம்.

சுகுமாரன்: நிஜமாகவா? சட்டப் புத்தகத்தில் எனக்காக இருக்கிற ஒரே வரி இதுதான். சரி, அந்தக் குரங்கே பந்தைக் கொண்டுபோய்க் குழியில் போட்டுவிட்டால்?

முனியாண்டி: அப்போதும் பழைய இடம்தான். குரங்கு செய்தது கணக்கில் வராது.

சுகுமாரன்: கெடுத்தாலும் வராது, கொடுத்தாலும் வராதா! வேலையிடத்தில் எங்கள் யூனியன்கூட இப்படித்தான்.

(எட்டாம் குழி. மணல் பள்ளம். சுகுமாரன் உள்ளே இறங்கி எட்டு நிமிடம் ஆகிறது. வெளியே நிற்பவருக்கு மட்டையின் நுனியும் மணலும் மட்டும் மாறி மாறித் தெரிகின்றன.)

முனியாண்டி: தம்பி, உயிரோடு இருக்கிறீர்களா?

சுகுமாரன்: தண்ணீர்மலையில் 513 படி ஏறினால் முருகனையாவது பார்க்கலாம். இங்கே ஏறினால் உங்கள் பென்சிலைத்தான் பார்க்க வேண்டும். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

(பன்னிரண்டாம் குழி. பார் மூன்று. நடுவில் ஒரு குளம். கரையில் முதலை அளவுக்கு ஓர் உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. முதல் பந்து 'பொளக்' என்று குளத்தில் விழுகிறது. உடும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு இது பழகிப்போன சத்தம்.)

முனியாண்டி: அடி ஒன்று, அபராதம் ஒன்று. அடுத்தது மூன்றாவது.

(சுகுமாரன் பேசாமல் இன்னொரு பந்தை வைக்கிறார். கையில் வலி, கண்ணில் வியர்வை. ஏதோ ஒரு வெறுப்பில் வீசுகிறார். பந்து தாழப் பறந்து, குளத்தின் அந்தக் கரையில் ஒரு கல்லில் பட்டு எகிறி, புல்லில் விழுந்து, உருண்டு, இன்னும் உருண்டு, கொடிக்கம்பத்தில் 'டிங்' என்று மோதி... காணவில்லை.)

சுகுமாரன்: அண்ணே... எங்கே போனது?

முனியாண்டி: உள்ளே.

சுகுமாரன்: எதற்குள்ளே?

முனியாண்டி: குழிக்குள்ளே தம்பி!

சுகுமாரன்: ஐயோ முருகா! ஹோல் இன் ஒன்! ஒரே அடியில் குழிக்குள்! (குதிக்கிறார், தொப்பியை வானத்தில் வீசுகிறார், முனியாண்டியைத் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்.) எழுதுங்கள் அண்ணே, பெரிதாக எழுதுங்கள்! ஒன்று!

முனியாண்டி: மூன்று.

சுகுமாரன்: அண்ணே!

முனியாண்டி: குளத்தில் விழுந்தது ஒன்று, அபராதம் ஒன்று, இது ஒன்று. பார். நல்ல ஆட்டம்தான், ஆனால் மூன்று.

சுகுமாரன்: காலையிலிருந்து எத்தனை குழியில் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்! இந்த ஒன்றே ஒன்று... உங்களுக்கு அங்பாவ் உறையில் பணம்கூடத் தருகிறேன்.

முனியாண்டி: நான் வேண்டாம் என்று சொல்வேனா? ஹோல் இன் ஒன் அடித்தவர் கேடிக்கு மட்டுமா தருவார்? கிளப்பில் இருக்கிற எல்லோருக்கும் அவர் செலவில்தான் விருந்து. அது வழக்கம். ஜப்பானில் இதற்குப் பயந்தே காப்புறுதி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

சுகுமாரன்: (குதிப்பதை நிறுத்திவிட்டு) எல்லோருக்கும் என்றால்?

முனியாண்டி: ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். ஓர் எண்பது பேர் இருப்பார்கள். வெறும் தே தாரிக் டீயோடு விட மாட்டார்கள்.

சுகுமாரன்: நானூறு வெள்ளி அண்ணே. சம்பளம் கூடியது நானூறு வெள்ளிதான்.

முனியாண்டி: அதனால்தான் சொல்கிறேன், மூன்று.

சுகுமாரன்: நாலு என்று போடுங்கள். பாதுகாப்பாக இருக்கும்.

முனியாண்டி: குறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன்... அதோ பாருங்கள், நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குழியில் ஆடுகிறவர்கள் கைதட்டிக்கொண்டே வருகிறார்கள்.

சுகுமாரன்: யார்? (கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்.) அண்ணே, அந்தச் சிவப்புச் சட்டை... என் மேலாளர்!

முனியாண்டி: நல்லதாகப் போயிற்று. பந்து உள்ளே போனதை அவரே கண்ணால் பார்த்திருப்பார்.

சுகுமாரன்: முதல் பந்து குளத்துக்குப் போனதைப் பார்த்திருப்பாரா?

முனியாண்டி: அப்போது குனிந்து பந்தைக் குழிக்குள் தட்டிக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன்.

சுகுமாரன்: கூட எத்தனை பேர்?

முனியாண்டி: மூன்று பேர். இல்லை, பின்னால் இன்னொரு பகியும் வருகிறது.

சுகுமாரன்: அண்ணே, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். குரங்குதான் தூக்கிப் போட்டது என்று சொல்லிவிடுங்கள்!