சிக்கி நிற்கும் மரமும் கணக்கில் வராத நேரமும்

மரம் வெட்டும் வேலையில் ஒருவர் இறந்துபோனால், "கவனக்குறைவு" என்ற ஒற்றைச் சொல்லில் அந்த மரணத்தை முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், முழுநேரத் தொழிலாளர் ஒரு லட்சம் பேருக்கு இத்தொழிலின் இறப்பு விகிதம் 100.7, எல்லாத் தொழில்களையும் சேர்த்தால் வெறும் 3.7. இத்தனை பேரும் கவனமற்றவர்களா?

வெட்டி முடித்த அடிக்கட்டை ஒன்றை உற்றுப் பாருங்கள். மரம் விழவேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு, எதிர்ப்புறத்தில் இன்னொரு வெட்டு, நடுவில் அறுபடாமல் விடப்பட்ட ஒரு குறுகிய மரப்பகுதி. மரத்தின் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள அந்தப் பகுதிதான், கதவின் கீல்போல மரத்தைப் பிடித்துக்கொண்டு குறித்த திசையில் சாய்க்கிறது. அது முழுதாக அறுபட்டுவிட்டால் மரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் மாலையில் அடிக்கட்டைகளைச் சுற்றிப் பார்த்து, பிய்ந்த நார்கள் இரு முனைகளிலும் சீராக நிற்கின்றனவா என்று கவனித்தாலே, மறுநாள் நடக்கவிருக்கும் விபத்தைப் பற்றி முந்தைய நாளே பேசிவிடலாம்.

எனக்கு அதைவிட அச்சம் தருவது, வெட்டிய மரம் தரைக்கு வராமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து சிக்கி நிற்கும் நிலை. அதன் அடியில் யாரும் போகக்கூடாது. தாங்கி நிற்கும் மரத்தை அறுக்கவே கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு, வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) கொண்டு தொலைவிலிருந்து இழுத்துத்தான் இறக்க வேண்டும். இதை அறியாத அனுபவசாலி எவரும் இல்லை. ஆனால் கூலி வெட்டிய மரத்தடிகளின் கணக்கில் என்றால், வின்ச் வரும்வரை காத்திருக்கும் நேரம் முழுவதும் தொழிலாளியின் சொந்த நட்டம். அந்த நட்டத்துக்கு அஞ்சித்தான் கை மீண்டும் செயின்சா என்னும் சங்கிலி வாளை எடுக்கிறது. விழும் திசைக்கு எதிரே, பின்புறமாகச் சற்றுச் சாய்வாக விலகி ஓடுவதற்கான வழியைப் புதர் நீக்கித் தயார் செய்வதும், அடுத்தவரிடமிருந்து குறைந்தது இரண்டு மர உயரம் தள்ளி நிற்பதும் இதே கணக்கில் அடிபட்டுப் போகின்றன.

தலைக்கவசமும், சங்கிலி தொட்டவுடன் இழைகள் சிக்கி அதை நிறுத்தும் கால்கவசமும், வாள் எகிறும்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக்கும் கட்டாயம் வேண்டும். அவற்றில் சமரசம் கூடாது. ஆயினும் சரிந்து வரும் அடிமரத்தை எந்தத் தலைக்கவசமும் தடுப்பதில்லை. ஆகவே ஒப்பந்தக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: மரம் சிக்கினாலும், காற்று வலுத்து வேலை நின்றாலும், அந்த நேரத்துக்கு மணிக்கணக்கில் கூலி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், வேலையை நிறுத்தும் உரிமையை வாள் பிடிப்பவரிடமே கொடுங்கள்.