2000 ரூபாய்க்கு மேல யுபிஐ-ல அனுப்பினா ஜிஎஸ்டியா? இல்லவே இல்லங்க

"2000க்கு மேல யுபிஐ பண்ணா 18% ஜிஎஸ்டி"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் திரும்பத் திரும்ப வருது, தயவுசெஞ்சு நம்பாதீங்க. எங்க தெரு மளிகைக்கடை அக்கா இதப் பாத்து பயந்து க்யூஆர் அட்டையவே கழட்டி கல்லாப்பெட்டிக்குள்ள வச்சிட்டாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. ஜிஎஸ்டி போடணும்னா முதல்ல கடைக்காரர்கிட்ட எம்டிஆர்னு ஒரு கட்டணம் பிடிக்கணும், அந்தக் கட்டணத்து மேலதான் வரி, நீங்க அனுப்புற பணத்து மேல இல்ல. அந்த எம்டிஆரையே 2020 ஜனவரியில யுபிஐக்கு எடுத்துட்டாங்க, அப்புறம் எதுக்கு மேல வரி போடுவாங்க? இது பொய்னு நிதி அமைச்சகமே 2025 ஏப்ரல்ல சொல்லிருச்சு. 2023ல வந்த 1.1% கட்டணம் கூட வாலட்ல (முன்னாடியே பணம் போட்டு வைக்கிற ஆப் கணக்கு) இருந்து யுபிஐ வழியா கடைக்குப் போற பணத்துக்குத்தான், அதையும் வாடிக்கையாளர் கட்டத் தேவையில்ல.