அது அலங்காரம் இல்லை

ஐயா தன் பதிவை நீக்கிவிட்டார். இன்று காலையில் அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இரண்டு நாளாக நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கியிருந்தேன். இனி முடியாது.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளமான லினக்ஸைப் புதிதாகப் போட்ட லேப்டாப்பில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, தமிழில் அடிக்க வரவில்லை, திரையின் கீழே இருந்த பட்டையைக் காணோம், யாராவது உதவுங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். போட்டுக்கொடுத்த தம்பியே வந்து பதில் சொல்கிறார்: "ஐயா, இதெல்லாம் சும்மா அலங்காரம். மொதல்ல டெர்மினல் கத்துக்கோங்க." டெர்மினல் என்பது கட்டளைகளை எழுத்தாகத் தட்டுகிற திரை. அந்தப் பதிலுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

தம்பி, கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுத்து வேண்டும் என்பது அலங்காரம் இல்லை. தன் மொழியில் அடிக்க வேண்டும் என்பது அலங்காரம் இல்லை. நேற்று இருந்த பட்டை இன்று எங்கே போனது என்று தேடுவதும் அலங்காரம் இல்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு வலிக்கிறது என்றால், எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அப்பா முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது, அவருடைய பழைய லேப்டாப் 11-க்குத் தேறவில்லை. தூக்கிப் போட மனசு வராமல் லினக்ஸ் மின்ட்டை, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்போடு (திரை முகப்பு) போட்டேன். நான் புரோகிராமர் கிடையாது, ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறவள். போட்டு முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா அதில் உட்கார்ந்து ஒரு கடிதம் அடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் ஞாயிறு வைஃபைக்கே போனது. வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளைத் தனியாகப் போட வேண்டியிருந்தது. போனை யுஎஸ்பியில் செருகி, போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுக்கிற டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரில் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டாவது ஞாயிறு எழுத்து. செட்டிங்ஸில் அப்பியரன்ஸ், அதில் ஃபான்ட்ஸ், அங்கே எழுத்தின் அளவை மாற்றுகிற கஸ்டம் டிபிஐ. 96 என்று இருந்ததை 120 ஆக்கினேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்து பார்த்தார். "இப்ப பன்னெண்டு பாயின்ட் மாதிரி இருக்கும்மா" என்றார். அப்புறம் தமிழ் எழுத்து புத்தகத்தில் வருகிற மாதிரி வேண்டும் என்றார். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தேன். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளியும் ஒட்டாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். அவர் கைக்கு லேசான நடுக்கம் உண்டு. திரையில் திறக்கிற சன்னலின் (விண்டோ) ஓரம் நூல் மாதிரி இருந்ததால் மவுசால் அதைப் பிடிக்கவே முடியவில்லை. விண்டோ மேனேஜரில் பெரிய ஸ்டைலுக்கு மாற்றி, ஓரத்தைத் தேடாமல் ஆல்ட் விசையோடு வலது பட்டனை அழுத்தி இழுக்கலாம் என்று காட்டினேன். அன்று சாயங்காலம் முழுக்க ஒரு சன்னலைப் பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு தமிழ். நான் அடிப்பது தமிழ்99. 1999-இல் தமிழ்நாடு அரசே ஏற்ற விசைப்பலகை அமைப்பு, படிக்க எளிது, எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அப்பாவின் விரல் பழகியது தட்டச்சுப்பொறியில். எழுபது வயது விரலை மாற்று என்று எந்த வாயால் சொல்வது? தமிழில் அடிக்க உதவும் ஐபஸ் மென்பொருளோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் என்று வரும் பட்டியலில் டைப்ரைட்டரும் இருக்கிறது. யாரோ, என்றோ, என் அப்பா மாதிரி ஒருவரை நினைத்து அதைச் சேர்த்திருக்கிறார்கள். லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்ததும் அப்பா அடித்த முதல் வரி, கடிதத்தின் வலது மேல் மூலையில் எழுதுகிற மாதிரி, "பெரம்பூர், சென்னை 11". அடுத்த வரியில் தேதி. இதையா அலங்காரம் என்கிறீர்கள்?

லினக்ஸின் பெரிய ஆட்களைக் காட்டினால்தான் சிலருக்கு உறைக்கும் என்றால் காட்டுகிறேன். 1996 அக்டோபர் 14-இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ என்ற டெஸ்க்டாப் திட்டத்தை அறிவித்தபோது, பயனர் அன்றாடம் செய்யும் வேலைகள் என்று எழுதிய வரிசையில், மெயில் படிப்பதோடு டெஸ்க்டாப்பைத் தனக்கேற்ப அமைத்துக்கொள்வதையும் சேர்த்துத்தான் எழுதினார். 2011-இல் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் மூன்றாம் பதிப்பு வந்து பழைய முகப்பு போனபோது, மேட், சின்னமன் என்று புதிய டெஸ்க்டாப்புகளே கிளம்பின. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அப்போது க்னோமை விட்டு எக்ஸ்எஃப்சிஇக்குப் போனார். பிறகு க்னோமுக்குத் திரும்பியதும் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் நிரல்களைப் போட்டுத் தன் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டுதான். அவர் செய்தால் பழக்கம், நம் ஐயா கேட்டால் அலங்காரமா?

"தம்பி காசு வாங்காமல் செய்கிறார், அவரைப் போய்க் குறை சொல்லலாமா" என்று கேட்பீர்கள். காசு வாங்கவில்லை, உண்மை. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர் அவர், எனக்கும் தெரியும். ஆனால் இலவசமாகக் கொடுத்தேன் என்பதற்காக, வாங்கியவரை நாலு பேர் முன்னால் சிரிக்க வைக்கிற உரிமை வந்துவிடாது. சோறு போட்டுவிட்டு, தண்ணீர் கேட்டால் சிரிப்போமா?

"கூகுளில் தேடியிருக்கலாமே" என்பார்கள். எழுத்தின் அளவை மாற்றும் அமைப்புக்கு டிபிஐ என்று பெயர் என்பது தெரிந்தால்தானே தேட முடியும். டெர்மினல் கற்றுக்கொள்ளட்டும் என்கிறவர்களுக்கு: கற்றுக்கொள்வார். முதலில் அந்த எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியட்டும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது, இதுவரை எங்கும் சொன்னதில்லை. ஆறு வருஷம் முன்னால் ஒரு லினக்ஸ் கூட்டத்தில், பேனலை, அதாவது அந்தப் பட்டையை, மேலேயிருந்து கீழே கொண்டுவருவது எப்படி என்று கேட்டேன். "கலர் மாத்தத்தான் லினக்ஸ் போட்டீங்களா மேடம்?" என்றார் ஒருவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வரும்போது ரயிலில் அழுதேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பேனலைப் பூட்டியிருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும். பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியை எனக்காகச் செலவழிக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு பழைய விண்டோஸுக்கே போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாமோ லினக்ஸை யாரும் பயன்படுத்துவதில்லை என்று கூட்டம் போட்டுப் புலம்புகிறோம்.

ஐயா, இது உங்கள் கண்ணில் பட்டால்: நீங்கள் போட்டிருப்பதும் எக்ஸ்எஃப்சிஇதான். ஆல்ட், எஃப்2 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பெட்டியில் எக்ஸ்எஃப்சிஇ4-பேனல் (xfce4-panel) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலும் பட்டை திரும்பி வந்துவிடும். வராவிட்டாலும் பயப்படாதீர்கள், உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எழுத்தையும் தமிழையும் நேரில் வந்து சரிசெய்து தருகிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எனக்கு வேலை எதுவும் இல்லை. அப்பாவும் வருகிறேன் என்கிறார். முகவரியை உள்பெட்டியில் அனுப்புங்கள், லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு வையுங்கள்.