கூட்டைப் பிரித்துப் படம் எடுக்கிறவர்கள் என் வீட்டுப் பக்கம் வராதீர்கள்

மூன்று நாளாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. எங்காவது கொட்டித் தீர்த்தால்தான் ஆகும்.

கோபி பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய் விழும் இடத்தில் ஒரு அத்திக்கன்று தானாக முளைத்து நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. அதில் தையல்சிட்டு கூடு வைத்திருந்தது. இலை ஓரத்தில் அலகாலேயே பொடிப்பொடியாக ஓட்டை போட்டு, நாரையும் சிலந்தி நூலையும் கோத்து இழுத்து, ஒரு இலையைப் பை மாதிரி தைத்து, உள்ளே பஞ்சை அடைத்து வைத்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் இலைதான் தெரியும், கூடு தெரியாது. அந்தக் குருவிக்கு இருக்கிற ஒரே காவல் அதுதான்.

நான் சமையல்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, துணி காயப்போடுகிற கம்பியில் அது வந்து உட்காரும்போது மட்டும் படம் எடுப்பேன். குஞ்சு பொரித்த பிறகும் கிட்டே போகவில்லை, எத்தனை குஞ்சு என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு வந்தார் ஒரு நண்பரை. கை நீளத்துக்கு லென்ஸ். நான் காபி போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் அந்த ஆள் மறைத்துக்கொண்டிருந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மேல் இலையை நூலால் இழுத்துக் கம்பியில் கட்டி, செல்போனில் அந்தக் குருவியின் சத்தத்தையே திரும்பத் திரும்பப் போட்டு அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! "ஏனுங்க தம்பி, என்ன காரியம் பண்றீங்க"ன்னு கத்தினால், "ஒரு நிமிசங்கண்ணா, லைட்டு நல்லா இருக்குது" என்கிறார். லைட்டாம். கண் திறக்காத குஞ்சு மேல் சுள்ளென்று வெயில் அடிக்கிறது, அதுதான் அவருக்கு நல்ல லைட்டு.

நூலை அவிழ்த்துவிட்டேன். கிள்ளிய இலையை எப்படி ஒட்டுவது?

மறுநாள் விடியக்காலையிலேயே வால்காக்கை வந்துவிட்டது. அது கூட்டில் இருக்கிற குஞ்சைத் திருடித் தின்னும் பறவை, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதன் வயிற்றுப்பாடு அது. நான் கதவைத் திறந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாய்க்குருவி வாயில் பச்சைப்புழுவைக் கவ்வியபடியே கம்பிக்கும் செடிக்கும் மாறி மாறிப் பறந்துகொண்டிருந்தது. பத்து மணி வரைக்கும் அந்தப் புழுவை அது கீழே போடவே இல்லை.

வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போனால் கரையில் நின்று தூரத்தில் இருந்துதானே எடுக்கிறீர்கள்? சரணாலயம் என்றால் ஒரு பயம், வீட்டுச் செடி என்றால் கேட்க ஆள் இல்லை என்கிற எண்ணமா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் என்ன என்று சொல்லுகிற இடத்திலேயே, காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் வேட்டை என்று இருக்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை, நூல் போதும்.

அந்தப் படத்தை நேற்று அவர் போட்டுவிட்டார். 'அருமை', 'வாழ்த்துகள்' என்று வரிசையாகக் குவிகிறது. சிவந்த வாயை ஆவென்று திறந்துகொண்டு மூன்று குஞ்சுகள். மூன்று என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.