பொட்டலத்தில் சிரிக்கிற அந்தப் பெண் யார்?

போன மாதம் ஒரு தேயிலை வியாபாரி கொழும்பிலிருந்து பேசினார். 100 கிராம் பொட்டலத்துக்கு டிசைன் வேண்டும், மலையகக் கலாசாரம் அதில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். இரவு வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. பட்டுச் சேலை, மூக்குத்தி, முதுகில் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண், ஒரு கோயில் கோபுரம், ஒரு கோலம், ஒரு தப்பு மேளம். நான்கையும் முன்பக்கத்திலேயே போடச் சொன்னார்.

அம்மாவிடம் காட்டினேன். 30 வருடம் கொழுந்து பறித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை இடுப்புல படங்கு கட்டலையே, பனியில நனைஞ்சி போகுமே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. (கொழுந்து பறிக்கும்போது நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுவதுதான் படங்கு.)

அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தேயிலை விளம்பரங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, பொட்டலங்களிலும் இருக்கிறது. 4000 அடிக்கு மேல் விளைந்தது என்று உயரம் போடுகிறோம், பிஓபி, பிஓபிஎஃப் என்று தரம் போடுகிறோம், ஹோலிரூட், டன்சினேன் என்று ஸ்கொட்லாந்தில் இருந்து வந்த தோட்டப் பெயரைப் போடுகிறோம். பறித்தவருடைய ஒரு சொல்லாவது அதில் இருக்கிறதா? படங்கு, மட்டக்கம்பு, நிரை (பறிக்கிற வரிசை), மடுவம் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை), பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது), கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), இவை எதையும் நான் ஒரு பொட்டலத்தில் கண்டதில்லை. இவ்வளவு அழகான சொற்கள் கையில் இருக்கும்போது, எங்கேயும் கிடைக்கிற கோபுரத்தையும் கோலத்தையும் ஏன் தேடிப் போகிறோம்?

மட்டக்கம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். செடியின் மேல்மட்டம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கொழுந்து பறிப்பவர்கள் குறுக்கே வைத்துப் பார்க்கிற சாதாரணக் கம்பு. ஒரு நேர்கோடு, அதற்கு மேலே எழும்பி நிற்கிற இரண்டு இலை ஒரு மொட்டு. ஒரு டிசைனருக்கு இதைவிட என்ன வேண்டும்? சின்ன ஸ்டிக்கரிலும் தெரியும், லொறியின் பக்கவாட்டிலும் தெரியும், ஒரே நிறத்திலும் அச்சடிக்கலாம். முக்கியமாக, மலையில் வேலை செய்த எவரும் அதைப் பார்த்ததும் இது நம்முடையது என்று கண்டுபிடிப்பார்கள்.

நம் நாட்டில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபுட்டின் கைத்தறித் துணியைப் பெயர்ச்சீட்டு இல்லாமலே அடையாளம் காணலாம், நிறங்களின் சேர்க்கையே அதன் கையெழுத்து. மாத்தளை அலுவிகாரையில் ஈனா டி சில்வா ஊர்ப் பெண்களோடு சேர்ந்து பத்திக் (துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றுவது), தையல் வேலைகள் செய்தார். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரைக்குப் பத்திக் செய்தவரும் அவர்தான். பழைய கைவேலை அங்கே ஓரத்து அலங்காரமாக நிற்கவில்லை, கட்டடத்தின் கூரையாகவே ஆகிவிட்டது. மலையகத் தமிழருடைய வடிவங்களுக்கு அப்படி ஓர் இடம் இன்னும் கிடைக்கவில்லை. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்ததை 1823இலிருந்து எண்ணி 2023இல் 200 வருடம் என்று நினைவு கூர்ந்தோம், அந்த வருடத்துப் போஸ்டர்களிலும் பெரும்பாலும் அதே கூடைப் பெண்தான் இருந்தாள்.

இனி தப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த வியாபாரி கேட்டதில் எனக்குப் பிடித்தது தப்பு மட்டும்தான். அதைப் படமாக வரையாமல் அடியை வரையலாம் என்று நினைத்தேன். பெரிய அடிக்கு ஒரு புள்ளி, சின்ன அடிக்கு ஒரு கோடு, அப்படியே பொட்டலத்தைச் சுற்றி ஒரு பட்டி. யூடியூப்பில் ஒரு வீடியோவைப் பார்த்து, எண்ணி எண்ணி, இரண்டு நாளில் போட்டு முடித்தேன், அழகாகவும் வந்திருந்தது. பிறகு மனசு கேட்காமல் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து, அதாவது ரதி மன்மதன் கதையை ஆடுகிற கூத்து, பழக்குகிற வாத்தியாரிடம் கொண்டுபோனேன். என்னை அடித்துக் காட்டச் சொன்னார். மேசையில் தட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, இது சாவுக்கு அடிக்கிறது" என்றார்.

சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி. ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்பு அடித்துத்தான். எனக்கு அது வெறும் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தது, அவருக்கு அதில் ஒரு சாவு வீட்டு வாசல் தெரிந்தது. கேட்காமல் அச்சுக்குக் கொடுத்திருந்தால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தேயிலையோடு சாவு மேளத்தையும் அனுப்பியிருப்பேன்.

அப்போதே, கூத்துக்காக ஊன்றுகிற காமன் மரத்தைச் சின்னமாக வைக்கலாமா என்றும் கேட்டேன். கூடாது என்றார். மாசியில் காமன் ஊன்றினால் ரதி மன்மதன் கல்யாணம் முடிந்து, சிவன் மதனை எரிக்கிற வரைக்கும் விரதம் இருக்கிறோம், "நீ பேப்பர்ல ஊன்றிட்டா அதுக்கு யாரு விரதம் இருப்பா? தூள் முடிஞ்சதும் குப்பையில போடுவாங்களே" என்று கேட்டார். எந்த டிசைன் வகுப்பிலும் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு அவரே பெரட்டுத் தப்பின் அடியைச் சொல்லி, நான் எழுதிக்கொள்ளும்வரை மூன்று தடவை அடித்துக் காட்டினார். அந்தப் பட்டிதான் இப்போது இருக்கிறது. அதற்கான பணம் என் கூலியிலிருந்து போகவில்லை, வியாபாரியிடம் தனியாகக் கேட்டு வாங்கி வாத்தியாருக்குக் கொடுத்தேன். வியாபாரி முதலில் தயங்கினார், கதையைச் சொன்னதும் கொடுத்தார். தப்பு அடிக்கிறவரைத் திண்ணையில் உட்கார வைக்காத வீடுகள் நம் பக்கத்தில் இருந்தன, இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. அந்த வாத்தியத்தை பிராண்டில் வைத்து விற்கப் போகிறோம் என்றால் அடிக்கிறவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசிப் பணமும் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அப்புறம் எழுத்து. மூன்று மொழியிலும் போட வேண்டிய இடத்தில் தமிழுக்குக் கடைசியாக மிஞ்சிய இடம்தான் கிடைக்கிறது, அதுவும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். டிசைன் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போடாமல் ஒட்டினால் 'கொழுந்து' உடைந்துதான் போகும். பாமினி என்கிற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றாமல் கொடுத்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாக வரும். முக்தா மலர், பாலூ தம்பி போன்ற நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சுக்குப் போகும் முன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை.

பொட்டலம் இப்போது அச்சில். முன்பக்கத்தில் மட்டக்கம்பும் கொழுந்தும், சுற்றிவரப் பெரட்டுத் தப்பு, பின்பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றுகிற முறை அம்மா சொன்ன சொல்லிலேயே. கோபுரமும் கோலமும் இல்லை. பெண் இருக்கிறாள், சின்னதாக, படங்கு கட்டி, முகத்தைச் செடியின் பக்கம் திருப்பிக்கொண்டு.

அடுத்த வேலைக்காக இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஹட்டன், தலவாக்கலை, பதுளை, அப்புத்தளை, எந்தப் பக்கமாக இருந்தாலும் பழைய கோயில் திருவிழா நோட்டீஸ் வீட்டில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அந்த எழுத்துகளின் வளைவு எனக்கு வேண்டும். அதேபோல அப்பாயி, அம்மாயி கைகளில் பச்சை குத்தின கோலங்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள், எதற்காகக் குத்தினார்கள், யார் குத்திவிட்டார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். காட்ட விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.