கரை ஒதுங்கிய உடலும் நம் நோயாளிதான்

கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "கடல் உயிரின மீட்பு வேலைக்கு எப்படி வருவது?" கூடவே, குணமான ஆமையைக் கடலில் விடும் வீடியோ ஒன்றும் வரும். எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும், எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் உடற்கூறாய்வு மேசையில்தான் நடக்கிறது. அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

ஒரு பச்சை ஆமையை என்னால் மறக்க முடியவில்லை. குடலில் காற்று சேர்ந்து, மூழ்க முடியாமல், பின்பக்கம் தூக்கியபடி மிதந்து வந்தது. உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவியைக் கழுத்துக்கும் முன் துடுப்புக்கும் நடுவே வைத்துக் காத்திருந்தோம். ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. அப்புறம் இன்னொன்று. ஐந்தாம் நாள் போய்விட்டது. வயிற்றைத் திறந்தால் உள்ளே நைலான் இழை. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படி அந்த இழையின் மேல் குடல் முழுக்கச் சுருங்கிக் கிடந்தது. அழுதுகொண்டேதான் இழையின் நீளம், தடிமன், நிறம், சிக்கிய இடம் எல்லாவற்றையும் எழுதினேன்.

அந்தக் குறிப்பும் மருத்துவம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பலன் அந்த ஆமைக்கு இல்லை, இன்னும் கடலில் இருக்கும் ஆமைகளுக்கு.

2002 செப்டம்பரில் ஸ்பெயினின் கேனரி தீவுகள் அருகே கடற்படைப் பயிற்சி நடந்தபோது மிக ஆழத்தில் மூழ்கி இரை தேடும் அலகுத் திமிங்கிலங்கள் 14 கரை ஒதுங்கின. அந்தோனியோ ஃபெர்னாண்டஸும் அவருடைய கால்நடை நோயியல் குழுவினரும் அறுத்துப் பார்த்தபோது, உறுப்புகளிலும் ரத்தக் குழாய்களிலும் வாயுக் குமிழ்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் முக்குளிப்பவர்களுக்கு ஏற்படுமே, அது போன்ற பாதிப்பு. நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கக் கடற்படை கடலுக்குள் அனுப்பும் சோனார் ஒலி மீது சந்தேகம் வலுத்தது. 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றி அந்த வகை சோனாருக்குத் தடை போட்டது. அதன்பின் பல ஆண்டுகள் அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்கியதாகப் பதிவே இல்லை. அன்று அந்த உடல்களை அப்படியே புதைத்திருந்தால்?

1998இல் கலிஃபோர்னியாவில் கடல் சிங்கங்கள் வலிப்பு வந்து கரையில் துடித்தன, 400க்கு மேல் இறந்தன. மீட்பு மையத்தில் இருந்த ஃபிரான்சஸ் கல்லண்ட் போன்ற மருத்துவர்களும் கடலியல் ஆய்வாளர்களும் சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். நுண்பாசி உண்டாக்கும் டோமோயிக் அமிலம் நெத்தலி மீன் வழியாக அவற்றுக்குள் போயிருந்தது. சிப்பி வழியாக மனிதர்களின் நினைவாற்றலைக் கெடுக்கிற அதே நஞ்சு. கடலில் என்ன நடக்கிறது என்று முதலில் சொன்னவை நோயுற்ற அந்த விலங்குகள்தான்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி நிதி முடிந்தால் வேலையும் முடிகிற ஒப்பந்தங்கள், சம்பளமே இல்லாத பயிற்சிக் காலம். வீட்டில் வசதி இருப்பவர்கள்தான் தாக்குப் பிடிக்க முடிகிறது. இது அநியாயம். ஆர்வம் இருக்கிறதே என்று சம்பளத்தைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியாது.

படிக்கிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: கரை ஒதுங்கிய டால்பினைப் பார்த்தால் கடலுக்குள் தள்ளாதீர்கள். பெரும்பாலும் உடம்பு முடியாமல்தான் அது வந்திருக்கும். ஈரத் துணி போடுங்கள், நிழல் கொடுங்கள், தலை மேல் இருக்கும் மூச்சுத் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள், அதில் தண்ணீரும் போகக் கூடாது. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். கூட்டத்தை விலக்கிவிட்டு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். இறந்திருந்தாலும் கூப்பிடுங்கள்.

அந்தத் தம்பி தங்கைகளிடம் இப்போது நான் முதலில் கேட்பது இதுதான்: "இதுவரை எத்தனை உடற்கூறாய்வு செய்திருக்கிறாய்?" ஒன்றுமே இல்லை என்றால், சரி, அடுத்த விடுமுறையில் அங்கிருந்து தொடங்கு. நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகாது. குறிப்பேட்டை மட்டும் உலர்ந்த இடத்தில் வை.