கிரைண்டரில் மரம் அறுக்கச் சொல்லாதீர்கள்

வீட்டு வேலைக்கு முதலில் ஓர் ஆங்கிள் கிரைண்டர் (சுழலும் டிஸ்கால் இரும்பையும் கல்லையும் அறுக்கும், தேய்க்கும் கைக்கருவி) வாங்கினால் போதும், பிளேடை மாற்றி மரமும் அறுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக் கருவிகள் பற்றிய உங்கள் கட்டுரை சொல்கிறது. தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். பல் வைத்த மர பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது விரல்களைப் பணயம் வைக்கும் வேலை. நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழலும். மரத்துக்கென்றே செய்த வட்ட ரம்பம் ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். மரத்தின்மேல் படிந்து நகரும் அடித்தகடும், தானே மூடிக்கொள்ளும் உறையும் அதற்கு உண்டு. கிரைண்டருக்கு இவை இரண்டுமே கிடையாது. மரக்கணுவில் ஒரு பல் சிக்கினால் போதும், கருவி துள்ளி உடம்பை நோக்கி வரும்.

கிரைண்டரில் மாட்டும் டிஸ்க் வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைப் படியுங்கள். கிரைண்டரின் வேகத்தைவிட அது குறைவாக இருக்கவே கூடாது. 180 மில்லிமீட்டர் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 8,500 சுற்றுக்குத்தான் செய்யப்படுகிறது. சின்னக் கிரைண்டரின் அசையாத காப்பு உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் பெரிய டிஸ்கை அதில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. டிஸ்கின் நடு வளையத்தில் காலாவதித் தேதியும் பொறித்திருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

கட்டுரையில் டிரில் பற்றி எழுதியிருப்பது சரிதான். டைல்ஸில் துளையிடும்போது சுத்தியல் இயக்கத்தை (சுழன்றபடியே முனை இடிப்பதை) நிறுத்திவிட வேண்டும், முனை டைலைத் தாண்டிச் சுவரைத் தொட்ட பிறகே அதைப் போடலாம் என்பதையும் சேர்த்திருக்கலாம். தளர்வான கையுறையோடு டிரில் பிடிக்கவும் கூடாது. சுழலும் முனை துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்து முறுக்கிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எல்லாக் கருவிக்கும் கட்டாயம்.